சின்னம்மாவை மதராசி என்றார்கள்

போன வாரம் மகள் குருகிராமிலிருந்து பேசினாள். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் ஒரு கூட்டத்தில் அவளை “இவர் எங்கள் மதராசி” என்று ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. “அவருக்கு அதுக்கு மேல தெரியாதும்மா, விடு” என்றாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

நான் ராயக்கோட்டையிலும் அதைச் சுற்றியும் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்தச் சொல் ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்தவர் என்று ஒரு பொருள். தென்னாட்டார் எவரையும் வடக்கே பொதுவாகச் சொல்வது, சிலர் இதை இழிவாக எடுத்துக்கொள்வார்கள் என்று இன்னொரு பொருள். எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு பொருள் இருந்தது. மகளுக்கு அதை நான் சொன்னதில்லை. என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஒசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்களுடையது பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அம்மா வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள், அப்பா வீட்டார் தமிழ். சந்தைக்கு மாலூர்ப் பக்கம் போனால் கன்னடம். எங்களுக்கு இது ஒரு விசேஷமாகவே தெரிந்ததில்லை. அம்மாவும் அவள் தங்கையும் தங்களுக்குள் தெலுங்கில்தான் பேசுவார்கள். என்னிடம் தமிழில் பேசுவார்கள். திட்டுவதென்றால் எது முதலில் வருகிறதோ அது.

அப்பாவுக்கு ஒசூரில் ஒரு புதுக் கம்பெனியில் தோட்ட வேலை கிடைத்தது. வாசல் கேட்டிலிருந்து ஆபீஸ் வரை ரோஜா வைத்து வளர்க்க வேண்டும். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் குடிவந்தோம். அம்மா வயிற்றில் அப்போது தம்பி. அதனால் சின்னம்மாவும் கூட வந்தாள். கல்யாணமாகாதவள். எனக்கு அப்போது பத்து வயது. அவளை மிகப் பெரியவள் என்று நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் போட்டால் என் மகளை விடவும் சின்னப் பெண் அவள்.

அவளைப் பற்றி எதைச் சொல்வது? நடக்கும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள், செருப்புச் சத்தத்திலேயே வருவது தெரிந்துவிடும். ஒயர் கூடை பின்னுவாள், பச்சையும் வெள்ளையும் கலந்து. கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் ஏதோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல “வந்தேன் வந்தேன்” என்று பதில் சொல்வாள். அதற்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

கம்பெனியில் பெரிய அதிகாரியாக ஒருவர் வடக்கிலிருந்து வந்தார். சார் என்போம். அவர் மனைவியை மேடம் என்போம். பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, கொய்யா மரங்கள் நின்ற தோட்டத்தோடு ஒரு பெரிய வீடு எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்கள். தம்பி பிறந்து அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். சின்னம்மா போனாள்.

கொஞ்ச நாளிலேயே அவளுக்கு இந்தி வந்துவிட்டது. மூன்று பேச்சு ஏற்கெனவே வாயில் இருந்தவளுக்கு நான்காவது பெரிய காரியமாக இல்லை. ரொட்டி தேய்க்கக் கற்றுக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு அவள் கற்றுக்கொடுத்தது ராகிக் கூழ். வெல்லம் கரைத்து, ஆற வைத்து, விரலால் தொட்டு ஊட்டுவாள். அது வேறு எதையும் தின்னாது, வேறு யார் கையாலும் தின்னாது என்று ஆகிவிட்டது.

பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போவேன். சமையலறைப் படியில் உட்கார்ந்துகொள்வேன். மேடம் என்னை ஒரு நாளும் விரட்டியதில்லை. கிரீம் பிஸ்கட் கொடுப்பார். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். சின்னம்மா தேநீர்த் தட்டோடு போனாள். மேடம் அவள் தோளில் கை வைத்து, “இவள்தான் எங்கள் மதராசி, மிகவும் சுத்தமானவள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“அவங்க வாயில என் பேரு நுழையலடி. மொத நாளு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. அப்பறம் இத வச்சிக்கினாங்க” என்றாள். அவள் பெயர் எங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர், கொஞ்சம் நீளம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பின்னாளில் அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் அதை உச்சரித்ததில்லை, அந்தப் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது.

மறுநாள் ஆங்கில வாத்தியாரிடம் கேட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு பெண் தானாக எழுந்து வார்த்தைக்குப் பொருள் கேட்டதில் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. கரும்பலகையில் எழுதியே காட்டினார். “பெங்கால், பெங்காலி. பஞ்சாப், பஞ்சாபி. மதராஸ், மதராசி. ஊர்ப் பேரு கடைசியில ஒரு ‘இ’ போட்டா அந்த ஊர் ஆளுன்னு அர்த்தம், வெளங்குச்சா?”

“ஒசூருக்கு என்ன சார் வரும்?” என்றேன்.

அவர் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டியபடி யோசித்தார். “ஒசூருக்கெல்லாம் இங்கிலீஷ்ல கெடயாது” என்றார். பின்வரிசையில் யாரோ பேரிகைக்கு என்ன என்று கேட்டு, வகுப்பே சிரித்தது.

இதை வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நாம் எந்த மதராசைக் கண்டோம், தர்மபுரிக்கு அந்தப் பக்கம் போனதில்லையே, பேரில்லாத ஆடு மாடா அவள் என்றாள். அப்பாவுக்கோ உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. தலைநகரத்துப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் மதிப்பாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். தோட்டத்தில் கூட வேலை செய்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு சில நாள் அந்த ஓட்டு வீட்டு வரிசையில் சின்னம்மாவைக் கண்டால் “என்னாம்மா மதராசி” என்று கேலி செய்வார்கள். அவளும் சலாம் போட்டுக் காட்டுவாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் சாருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. அதே கம்பெனியின் வேறொரு ஆலை, தில்லியைத் தாண்டி ஏதோ ஓர் ஊர். குழந்தை பழகும் வரை சின்னம்மாவைக் கூட அனுப்ப முடியுமா என்று கேட்க மேடமே எங்கள் வீட்டுக்கு வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அம்மா போட்ட டீயைக் குடித்தார். குழந்தை சின்னம்மா இடுப்பை விட்டு இறங்கவில்லை.

மேடத்துக்கு இந்தியும் ஆங்கிலமும். அம்மாவுக்குத் தெலுங்கும் தமிழும். இரண்டுக்கும் நடுவில் சின்னம்மா நின்றாள். தன்னைக் கூட்டிப்போகக் கேட்பதை அவளே மொழிபெயர்த்துச் சொன்னாள். பொங்கலுக்கு முன்னால் தாங்களே கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம் என்று அம்மாவிடம் தெலுங்கில் சொன்னாள். மேடம் அப்படிச் சொன்னாரா, அல்லது போகிற ஆசையில் சின்னம்மாவே சேர்த்துக்கொண்டாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கு ரயிலில் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அம்மா அந்த ஊரின் பேரைக் கேட்டாள். மேடம் சொன்னார். அம்மா சொல்லிப் பார்த்தாள், அவள் வாயில் அது நுழையவில்லை.

மேடம் போன பிறகு அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் செய்தார்கள். தெரியாத சீமைக்கு வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது என்றாள் அம்மா. அங்கே போய் ஏதாவது ஆனால் யாரைப் பிடித்து எங்கே கேட்பது என்றாள்.

“கம்பெனி இருக்குதில்ல” என்றார் அப்பா. “சார் எங்க போனாலும் இதே கம்பெனிதான். இந்த கேட்டாண்ட வந்து கேட்டா பதில் சொல்லாம பூடுவாங்களா?”

முந்தின வருஷம் வரை மழையை நம்பிப் பிழைத்த மனிதர். கம்பெனி என்றால் மலைக்கோட்டை மாதிரி, நகராது என்று நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் கடைசியில் சரி என்றாள்.

காலையில் கார் வந்தது. மேடம் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரை சின்னம்மா அந்த வெயிலிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் ஒயர் கூடையில். தம்பியை வாங்கி முத்தம் கொடுத்தாள். என் சடையைப் பிரித்து மறுபடி பின்னிவிட்டாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கையைக் காட்டினாள். கார் பெங்களூர் ரோட்டில் திரும்பியது.

அதன் பிறகு ஒரே ஒரு முறை அவள் குரலைக் கேட்டோம். சார் எதற்கோ இங்கே ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார், பேசி முடித்ததும் தோட்டக்காரர் வீட்டாரைக் கூப்பிடச் சொல்லி சின்னம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னார். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் ஓடினேன். கேட் ஆபீசில் கறுப்புப் போன், காதில் வைத்தால் ஒரே இரைச்சல்.

குளிருகிறது என்றாள். குழந்தை இப்போது ஓடுகிறது, இங்கே ராகி கிடைக்கவில்லை என்றாள். நடுநடுவே இந்தி வார்த்தைகள் வந்தன. பிறகு, “இங்க கடைக்காரனும் மதராசின்னுதான் கூப்புடறான், பக்கத்து வூட்டம்மாவும் மதராசின்னுதான் கூப்புடறாங்க. எம்பேரச் சொல்ல ஒருத்தருமில்ல. நீ ஒருவாட்டி கூப்புடேன்” என்றாள். “சின்னம்மா” என்றேன். “அது இல்லடி. பேரு.”

பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆனாலும் சொன்னேன். இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று கத்தியே சொன்னேன். வாட்ச்மேன் சிரித்தார். அந்தப் பக்கம் அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. “இன்னொருவாட்டி” என்றாள். மறுபடி சொன்னேன். அதற்குள் அம்மா மூச்சு வாங்க வந்து போனைப் பிடுங்கினாள். “ஏமே, பாகுண்டாவா?” என்று கேட்டாள். நன்றாயிருக்கிறாயா என்று. லைன் போய்விட்டது.

பொங்கல் வந்தது, போனது. அப்பா ஆபீசில் கேட்டார். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மறுபடி கேட்டார். அந்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். வேறு எந்தக் கம்பெனி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா திரும்பி வந்து அதை அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். கம்பெனி இருக்கிறதல்லவா என்று சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார். அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வெயில் காலம் முழுவதும் அம்மா பெங்களூர் பஸ் நிற்கும் பக்கம் போய் வந்துகொண்டிருந்தாள். காய் வாங்கப் போகிறேன் என்பாள். காய் இல்லாமல் திரும்புவாள். வடக்கத்தி லாரி டிரைவர்களிடம் போய், மதராசிப் பெண் ஒருத்தி உங்கள் ஊரில் இருக்கிறாள், பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். எந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காமல் இருந்ததோ அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறெதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும்?

இப்போது எங்கள் தெருவில் மாடி அறைகளில் வடக்கத்திப் பையன்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள், ஷிப்டுக்கு ஷிப்ட் மாறி மாறித் தூங்குகிறார்கள். மளிகைக்கடையில் அவர்கள் எல்லாருக்கும் பேர் பீகாரிதான். ஒருவன் ஒடிசா, ஒருவன் அசாம், ஒருவன் எங்கோ நேபாள எல்லை. கேட்டால் ஊர்ப் பேரைச் சொல்வார்கள். எனக்கு அது சட்டென்று பிடிபடாது, திரும்பச் சொல்லச் சொல்வேன். சரி, அது இருக்கட்டும்.

மறு மழை தொடங்கிய சமயம் ஒரு மத்தியானம், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்ணை வாட்ச்மேன் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் துணிப்பை. கேட்டுக்கு உள்ளே ரோஜாத் தோட்டம் இருக்கிற கம்பெனி எது என்று ஒவ்வொரு கம்பெனியாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நர்ஸ். கேரளத்தைச் சேர்ந்தவர், வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. லீவில் ஊருக்குப் போகிற வழியில் பெங்களூரில் இறங்கி பஸ் பிடித்து வந்திருந்தார்.

அம்மா அவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவைக் கூட்டிவர என்னை அனுப்பினாள்.

நர்ஸ் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். மேடம் வீட்டார் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குழந்தையோடு வெளியூர் போயிருந்தபோது, வீட்டில் தனியாக இருந்த சின்னம்மாவுக்கு விஷக் காய்ச்சல் கண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேர் கேட்டதற்கு மதராசி என்றிருக்கிறார்கள். ஊர் கேட்டதற்கு மதராஸ் என்றிருக்கிறார்கள். அந்த வார்டில் இந்த நர்சையும் எல்லாரும் மதராசி என்றுதான் கூப்பிடுவார்களாம். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் ஊர்க்காரி ஒருத்தி வந்திருக்கிறாள், நீயே போய்ப் பேசு என்று அனுப்பிவைத்தார்.

இவர் மலையாளத்தில் கேட்க, அவள் தமிழில் சொல்லியிருக்கிறாள். பாதி புரிந்தது. பிறகு இருவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒசூர் என்றாளாம். பெங்களூருக்குப் பக்கம், அக்கா வீட்டுக்காரர் கம்பெனியில் ரோஜா வளர்க்கிறார் என்றாளாம். அதைத்தான் நர்ஸ் நினைவில் வைத்திருந்தார். காய்ச்சல் ஏற ஏற முதலில் இந்தி போய்விட்டது. அப்புறம் தமிழும் போய்விட்டது. கடைசியில் தெலுங்கு மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் அது தெரிந்தவர்கள் யாருமில்லை.

கல்யாணத்துக்குப் போனவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. மேடம் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம். சார் ஆஸ்பத்திரிப் போனிலிருந்தே இங்கே பழைய ஆபீசுக்குப் பேசி, எங்கள் மதராசி வீட்டாருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னதை நர்ஸ் தன் காதால் கேட்டிருக்கிறார். யாராவது வருவார்கள் என்று காத்திருந்து, வராததால் அங்கேயே எரித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அப்பா ஆபீசில் போய் இதைக் கேட்டார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு போன் வந்தது உண்மைதான் என்று அங்கிருந்த ஒருவர் ஒப்புக்கொண்டாராம். யாரோ மதராஸ்காரர் வீட்டு விஷயம் என்று நினைத்து, கேன்டீனில் போய், இங்கே மெட்ராஸ்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மெட்ராசிலிருந்து வந்த பிட்டர் ஒருவர் இருந்திருக்கிறார். தன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டுவிட்டார்கள். அந்த நேரம் அப்பா ஜன்னலுக்கு வெளியே ரோஜாவுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருப்பார்.

நர்ஸ் துணிப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்திருந்தார். அம்மா அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக வந்தேன் என்றார்.

“கடைசி நாள் என் கையைப் பிடிச்சு ஒரு காரியம் சோதிச்சு, கேட்டது. விடாம அதையே சோதிச்சு. எனக்கு மனசிலாயில்ல. மருந்தா, பாலா, ஆளைக் கூப்பிடவா, ஒண்ணும் அறியல. நான் குடுக்காம விட்டது என்னன்னு ராத்திரியெல்லாம் நினைச்சு உறக்கமில்ல. அதான் மறக்காம நாக்குல வச்சிருக்கேன்.”

நெடுநாளாகத் தனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்த பாடம் போல, ஒவ்வொரு ஒலியாக எடுத்து வைத்தார். “அக்கா. நன்னு. இண்டிக்கி. தீஸ்கபோ.”

சின்னம்மாவின் இழுப்பு கூட அதில் இருந்தது. பொருள் தெரியாத வாய்க்குத்தான் அப்படி அச்சாக வரும். தம்பி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அக்கா, என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ. எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்பா தோள் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“அக்கான்னு என்னத்தானே விளிச்சது?” என்று நர்ஸ் கேட்டார். “அந்த வார்டுல என்னை மதராசின்னு விளிக்காத ஆள் அது ஒண்ணுதான்.”

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

“ஆமாம்மா, உன்னத்தான் கூப்ட்டுகிறா” என்றாள். “தண்ணி கேட்டுகிறா. அக்கா, தண்ணி குடுன்னு.”

நர்சின் வாய் கோணியது. “தண்ணி நான் குடுத்தேன். ஸ்பூன்ல, துணியில நனைச்சு, குடுத்துட்டே இருந்தேன்” என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். அம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “குடுத்தியே தாயி, அது போதும். அவளுக்கு வேற ஒண்ணும் கொற இல்ல” என்றாள்.

அவரைச் சாப்பிடாமல் விடவில்லை. களியும் கீரைக் குழம்பும் இருந்தது. அவருக்குக் களி உருட்டி விழுங்கத் தெரியவில்லை. அம்மா காட்டிக்கொடுத்தாள். சாப்பிட்டதும் அப்பா பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போனார். தெரு முனை வரை அம்மாவும் நானும் போனோம். நர்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவரை அதன் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. எந்த ஊர் என்று சொல்லியிருந்தார், கேரளத்தில் ஏதோ ஆற்றங்கரை. எங்கள் யாருக்கும் அந்தப் பேர் நினைவில் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, யார் அந்த மலையாளத்துக்காரி, எதற்கு வந்தாள் என்று கேட்டாள்.

அம்மா நின்றாள். சேலை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“எந்தங்கச்சிக்கு அக்கா” என்றாள்.

பக்கத்து வீட்டம்மாவுக்குப் புரியவில்லை. அப்படியானால் நீ யார் என்று சிரித்தாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் தம்பியும் வெளியே நின்றோம். அவள் கதவைத் திறக்கும் வரை, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கப் பார்க்க, நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.